ஆமை ஓடு கெட்டியா வளர சாப்பாடும் வெயிலும் எப்படி குடுக்கணும்

சல்காட்டாங்கற ஆப்பிரிக்க தரை ஆமைய வளர்க்கறவங்க நிறைய பேர் ஓட்டை ஏதோ மேல மாட்டின கவசம் மாதிரி நினைக்கறாங்க. அப்படி இல்லங்க, விலா எலும்பும் முதுகெலும்பும் ஒண்ணா சேர்ந்து விரிஞ்சதுதான் மேல் ஓடு, எலும்பு பலவீனமானா ஓடு, கால், தாடை எல்லாமே போச்சு. நம்ம ஊர் நட்சத்திர ஆமைய வீட்ல வைக்கறது சட்டப்படி குற்றம், அதை வாங்கவே வாங்காதீங்க. சல்காட்டா வச்சிருந்தாலும் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் இணையதளத்துல பதிவு பண்ணணும்.

என் ஆமை என்கிட்ட வந்தப்ப ஒரு வயசு இருக்கும், முன்ன வச்சிருந்தவங்க ஜன்னலோரம் கண்ணாடி தொட்டியில போட்டு தக்காளி, வெள்ளரி, சாதம்னு குடுத்திருக்காங்க. நடக்கும்போது சர்ர்ர்னு ஒரு சத்தம் வரும், குனிஞ்சு பார்த்தா அடி ஓடு தரையில தேயுது. நல்ல ஆமை நாலு காலையும் ஊன்றி உடம்ப தூக்கித்தான் நடக்கும், இது துடுப்பு போடற மாதிரி தள்ளிக்கிட்டு போச்சு, அடி ஓட்டை கட்டைவிரலால லேசா தொட்டா அமுங்குச்சு. பாக்கவே மனசு கேக்கல.

ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா பாராதைராய்டு ஹார்மோன் எலும்புல இருந்து அதை உருவி எடுத்துடும், இதயமும் தசையும் ஓடணும்ல, அதுக்காக எலும்பு கரையுது. அதனால சாப்பாட்டுல பாஸ்பரஸ விட கால்சியம் குறைஞ்சது 2 மடங்காவது இருக்கணும். தக்காளி, வெள்ளரி, வாழைப்பழத்துல இது தலைகீழ். சல்காட்டாவுக்கு முக்கால்வாசி தட்டு புல்லுதான், அருகம்புல், காஞ்ச புல், கூடவே முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, மல்பெரி இலை, முள்ளு நீக்கின சப்பாத்திக்கள்ளி. பாலக் தினமும் வேண்டாம், அதுல இருக்கற ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்த பிடிச்சு வச்சுக்கும். சாதம், முட்டை, நாய் பிஸ்கட் வேண்டவே வேண்டாம். கணவாய் ஓடு ஒரு துண்டு கூண்டுல போட்டு வைங்க, வேணும்போது கடிச்சுக்கும்.

ஆனா கால்சியத்த பவுடரா கொட்டினாலும் வெயில் இல்லன்னா பிரயோஜனமே இல்ல, இதத்தான் நான் திரும்ப திரும்ப சொல்றேன். வெயில்ல இருக்கற யுவிபிங்கற புற ஊதாக் கதிர் தோல்ல பட்டாதான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தாதான் குடல் கால்சியத்த உறிஞ்சும். ஜன்னல் கண்ணாடி யுவிபிய தடுத்துடும், உள்ள வெளிச்சமா தெரியும், ஆமைக்கு ஒண்ணும் கிடைக்காது. அதுக்காக கண்ணாடி தொட்டியோட மொட்டை மாடில வச்சுடாதீங்க, வெந்து செத்துடும். மண் தரை, ஒரு பக்கம் வெயில் ஒரு பக்கம் நிழல், காலைல நேரடி வெயில், இதுதான் நல்லது. அப்பார்ட்மெண்ட்ல வழி இல்லன்னா ஊர்வனத்துக்குன்னே விக்கற யுவிபி ட்யூப் போடுங்க, சாதா எல்ஈடி உதவாது, அந்த ட்யூப்பும் எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் யுவிபி குறைஞ்சுடும், 6ல இருந்து 12 மாசத்துக்குள்ள மாத்தணும். சூடு குடுக்கற விளக்குக்கு கீழ 35 டிகிரிக்கு மேல சூடு வேணும், உடம்பு குளிர்ந்திருந்தா செரிமானமும் நடக்காது.

டைல்ஸ் தரை வேண்டாம், கால் வழுக்கி அகலமா விரிஞ்சுக்கும், நடக்காத கால்ல எலும்பும் பலமாகாது. ஓடு மேடு மேடா புடைக்கறது வேற விஷயம், 2003ல வந்த ஒரு ஆய்வுல சல்காட்டா குட்டிகளுக்கு புரதத்த விட காத்துல ஈரப்பதம் குறைவா இருந்ததுதான் பெரிய காரணம்னு தெரிஞ்சுது, அதனால குட்டிக்கு ஈரமான ஒளிவிடம் ஒண்ணும் தினமும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான தண்ணி குளியலும் அவசியம்.

ஓடு அமுங்குது, தாடை வளையுது, கால் நடுங்குதுன்னா வீட்டு வைத்தியம் பார்க்காம ஊர்வன பார்க்கற டாக்டர்கிட்ட போய் எக்ஸ்ரே எடுங்க. டி3 சொட்டு நீங்களா குடுக்காதீங்க, அதிகமானா விஷம்.

மாசத்துக்கு ஒரு தடவை செல்போன தரையில வச்சு பக்கவாட்டுல நடைய வீடியோ எடுங்க. வளைஞ்ச கால் நேராகல, ஆனா ட்ரீட்மெண்ட் முடிஞ்சு வருஷம் ஒண்ணாச்சு, இப்ப என் ஆமை நடக்கும்போது அடி ஓட்டுக்கும் தரைக்கும் நடுவுல என் சுண்டுவிரல் போகுது.