எடை குறைக்கக் கலோரிக் கணக்கு: கடலோரச் சமையலறைக்கு ஒரு வழிகாட்டி

கலோரியைக் கணக்கிட்டுச் சாப்பிட்டால் எடை குறையுமா என்ற கேள்விக்கு, குறையும் என்பதே விடை. உடல் செலவிடும் ஆற்றலைவிடக் குறைவான ஆற்றல் உணவின் வழியாக உள்ளே போனால், பற்றாக்குறையை உடல் தன் சேமிப்பிலிருந்து, பெரும்பாலும் கொழுப்பிலிருந்து, எடுத்துக்கொண்டாக வேண்டும். இந்த விதிக்கு விலக்கான உடல் எதுவும் இல்லை. ஆயினும் பலரும் கணக்கிடுகிற விதத்தில் எடை குறைவதில்லை. கைபேசிச் செயலியில் ‘மீன் குழம்பு, ஒரு கிண்ணம்’ என்று தேடி, அது காட்டும் எண்ணை எழுதிக்கொள்வதால், தொண்டியிலோ பாம்பனிலோ கீழக்கரையிலோ ஒரு வீட்டுச் சட்டியில் உண்மையில் என்ன வெந்தது என்பது தெரியவராது. அந்த எண் யாரோ ஒருவர் வைத்த குழம்புக்கு உரியது. நம் குழம்பில் எத்தனை கரண்டி நல்லெண்ணெய் விழுந்தது, எவ்வளவு தேங்காய் அரைபட்டது என்பது நம் அடுப்படிக்கு மட்டுமே தெரியும். ஆகவே தட்டில் விழுவதை அளப்பதற்கு முன், சட்டிக்குள் போவதை அளக்கப் பழகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்

எடை குறைய வேண்டுமா என்பதையே முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். இந்தியர்களுக்கு உடல் நிறைக் குறியீடு 23-ஐத் தாண்டினால் அதிக எடை என்றும், 25-ஐத் தாண்டினால் உடல் பருமன் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள். எடையைக் கிலோவில் எடுத்து, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் இந்தக் குறியீடு கிடைக்கும். 160 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒருவருக்கு 59 கிலோ முதல் எல்லை, 64 கிலோ இரண்டாம் எல்லை. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால், எடை எப்படி இருந்தாலும் கவனம் தேவை.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, சர்க்கரையைச் சட்டென்று இறக்கக்கூடிய மாத்திரையோ எடுத்துக்கொள்பவர்கள், மருத்துவரைக் கேட்காமல் உணவைக் குறைக்கவே கூடாது. மருந்து பழைய அளவிலும் சாப்பாடு புதிய அளவிலும் இருந்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரும். அது கடல் நடுவே படகில் வந்தால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், உணவைப் பற்றிய அச்சத்தாலோ குற்ற உணர்வாலோ ஏற்கெனவே துன்பப்படுபவர்கள் ஆகியோருக்கும் இந்த முறை ஏற்றதல்ல. பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்கள், வேலைக்குப் போகும் நாளில் காலை உணவைக் குறைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஒரு நாளைக்கு எவ்வளவு

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அளவுகளின்படி, உட்கார்ந்த வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்கு 2110 கலோரியும், 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 1660 கலோரியும் தேவை. நடுத்தர உழைப்புக்கு அவை 2710, 2130 என்றும், கடின உழைப்புக்கு 3470, 2720 என்றும் உயர்கின்றன. இவை சராசரிகளே என்றாலும் தொடங்குவதற்குப் போதுமானவை. இதிலிருந்து 300 முதல் 500 கலோரி வரை குறைத்துக்கொண்டால் போதும். மருத்துவ மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1200-க்கும் ஆண்கள் 1500-க்கும் கீழே இறங்குவது சரியல்ல.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி அடங்கியிருக்கிறது. நாளொன்றுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்க வேண்டும் என்பது தாளில் போடும் கணக்கு. தொடக்கத்தில் அப்படியே இறங்குவதும் உண்டு. பிறகு வேகம் குறையும். எடை குறைந்த உடலுக்குச் செலவும் குறைவு; குறைவாக உண்ணும் உடல் தன்னையறியாமல் அசைவையும் குறைத்துக்கொள்கிறது. இதை முன்கூட்டியே அறிந்திருப்பவர் மூன்றாம் மாதத்தில் மனம் தளர மாட்டார்.

சட்டியை அளப்பது

தேவையானவை ஐந்து கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு ஒன்றும், ஒரு நோட்டும்தான். குழம்புச் சட்டி, சோற்றுப் பானை, வாணலி ஆகியவற்றின் வெறும் எடையை ஒருமுறை நிறுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிறகு சமைக்கும்போது, சட்டிக்குள் போகும் ஒவ்வொன்றையும் பச்சையாகவே நிறுத்து எழுத வேண்டும். மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 என்ற அடிப்படையும், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட, 528 உணவுப் பொருள்களின் சத்து அளவுகளைத் தரும் அட்டவணையும் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

நான்கு பேருக்கு வைக்கும் ஒரு மீன் குழம்பை எடுத்துக்கொள்வோம். நல்லெண்ணெய் நான்கு மேசைக்கரண்டி, அதாவது 55 கிராம், ஏறத்தாழ 500 கலோரி. ஒரு மூடி தேங்காயைத் துருவி அரைத்ததில் 100 கிராம் என்றால் அது 370 அளவில் வரும். சின்ன வெங்காயம், தக்காளி, புளி எல்லாம் சேர்ந்து 150. தலையும் முள்ளும் போக 600 கிராம் விளைமீன் அல்லது பாறை மீன் 660. மொத்தம் 1680, ஆளுக்குச் சமமாகப் பிரித்தால் 420. குழம்பு கொதித்து இறங்கியதும் சட்டியோடு நிறுத்து, வெறும் சட்டியின் எடையைக் கழித்தால் 2100 கிராம் வருகிறது என்றால், 100 கிராம் குழம்புக்கு 80 கலோரி என்று ஆகிறது. இனி அந்தக் குழம்பை யார் எவ்வளவு ஊற்றிக்கொண்டாலும் கணக்கு தடுமாறாது. சோற்றுக்கும் இதே முறைதான். 600 கிராம் அரிசி 2100 கலோரி. வடித்தபின் அது 1600 கிராம் சோறானால், 100 கிராம் சோற்றுக்கு ஏறத்தாழ 130.

இப்போது ஒருவருடைய மதியச் சாப்பாட்டைப் பாருங்கள். 150 கிராம் அரிசியில் வெந்த சோறு 520, குழம்பு 420, வாணலியில் பொரித்த 100 கிராம் மீன் 110, அது குடித்த எண்ணெய் 10 கிராமுக்கு 90. ஆக 1140. இதில் மீன் முழுவதும் சேர்ந்தே 275-தான். மீதி சோறும் எண்ணெயும் தேங்காயும். அதே வீட்டில் எண்ணெயை இரண்டு கரண்டியாகவும் தேங்காயைப் பாதியாகவும் குறைத்து, மீனைத் தோசைக்கல்லில் ஒரு தேக்கரண்டி எண்ணெயில் சுட்டு, சோற்றை 100 கிராம் அரிசி அளவுக்கு நிறுத்திக்கொண்டால் மொத்தம் 820 அளவுக்கு இறங்குகிறது. மீன் ஒரு துண்டுகூடக் குறையவில்லை. நாளொன்றுக்குக் குறைக்க வேண்டிய 500 கலோரியில் பாதிக்கு மேல் ஒரே வேளையில் குறைந்துவிட்டது.

பொரிக்கும் எண்ணெயில் எவ்வளவு மீனோடு போனது என்பதை யாரும் கண்ணால் சொல்ல முடியாது. பொரிப்பதற்கு முன் வாணலியை எண்ணெயோடு நிறுத்து, பொரித்து ஆறிய பிறகு மறுபடி நிறுத்துப் பாருங்கள். குறைந்தது உங்கள் மீனுக்குள் போனது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், ரேஷன் பாமாயில் எல்லாவற்றுக்கும் கிராமுக்கு 9 கலோரிதான் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். செக்கில் ஆட்டியது என்பதால் கலோரி குறைவதில்லை.

முண்டு மிளகாய், மல்லி, சீரகம், மிளகு போன்றவற்றைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் முண்டு மிளகாய் சட்டிக்குக் கொடுக்கும் நிறத்துக்கும் காரத்துக்கும் ஈடாக அது சேர்க்கும் கலோரி மிகச் சொற்பம். தேங்காயைக் குறைக்கும் நாளில் மசாலையை நன்றாக வறுத்து அரைத்தால், நாக்கு பெரிதாகக் குறை சொல்லாது.

நிறுக்க நேரமில்லாத வீட்டுக்கு

மாதச் சாமான் கணக்கிலிருந்தே பாதி உண்மை தெரிந்துவிடும். பெரியவர்கள் நால்வர் உள்ள வீட்டில் மாதத்துக்கு ஐந்து லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஆளுக்கு நாளொன்றுக்கு 38 கிராம், அதாவது 340 கலோரி எண்ணெயிலேயே போகிறது. அதை மூன்று லிட்டராகக் குறைத்தால் தலைக்கு 135 கலோரி மிச்சம். சர்க்கரை நான்கு கிலோ தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 130 கலோரிக்கு மேல். இந்தக் கணக்குக்கு எந்தச் செயலியும் வேண்டாம். மாதத் தொடக்கத்தில் எண்ணெயை ஒரு கேனில் ஊற்றி, அது மாதக் கடைசி வரை வர வேண்டும் என்று வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து முடிவெடுத்தால் போதும். சமைப்பவர் ஒருவர், எடை குறைக்க விரும்புபவர் வேறொருவர் என்றிருக்கும் குடும்பங்களில், நோட்டை விட இந்தப் பேச்சுவார்த்தைதான் பலன் தருகிறது.

கணக்கில் விழாமல் நழுவுபவை

1992-இல் நியூயார்க்கில் நடந்த ஓர் ஆய்வில், எவ்வளவு குறைத்துச் சாப்பிட்டும் எடை இறங்கவில்லை என்று சொன்னவர்கள் உண்மையில் உண்டதைச் சராசரியாக 47 விழுக்காடு குறைத்தும், உழைத்ததை 51 விழுக்காடு கூட்டியும் சொல்லியிருந்தது தெரியவந்தது. அவர்கள் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. மனித நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. ஆகவே வாயில் போட்ட உடனே எழுத வேண்டும், இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதக் கூடாது.

நம் பக்கத்தில் நழுவுபவற்றில் முதலிடம் தேநீருக்கு. 100 மில்லி பாலும் இரண்டு தேக்கரண்டி சர்க்கரையும் சேர்ந்த ஒரு தேநீர் 100 கலோரி. கரைக்கு வந்து ஏலம் முடியும் வரை நான்கு குடிப்பவருக்கு 400. அடுத்தது புரோட்டா. 60 கிராம் மைதாவும் 10 கிராம் எண்ணெயும் கொண்ட ஒன்று ஏறத்தாழ 300, சால்னா தனி. கருப்பட்டி உடம்புக்கு நல்லது, எடை போடாது என்ற நம்பிக்கை இக்கரையில் வலுவாக இருக்கிறது. எடைக்கு எடை அது சர்க்கரைக்கு நெருக்கமான கலோரியைத் தருகிறது என்பதால், கருப்பட்டிக் காப்பியையும், தேங்காய்ப்பாலில் கருப்பட்டி சேர்த்துக் கிண்டும் கீழக்கரைத் தொதலையும் நோட்டில் எழுதியே ஆக வேண்டும். பதநீரும் அப்படியே: ஒரு பெரிய குவளையில் 20 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். நுங்குக்கு இந்தக் கவலை இல்லை.

நோன்பு மாதத்தில் கணக்கை நோன்பு திறப்பதிலிருந்து விடியலுக்கு முன் உண்ணும் சஹர் வரை ஒரே நாளாக எழுதுங்கள். கஞ்சியைவிட, அதோடு வரும் வடை, சமோசா, சர்பத் ஆகியவையே கலோரியைக் கூட்டுகின்றன.

பொட்டலத் தின்பண்டங்களைப் பற்றி ஒரு செய்தி. 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் 20 பேரை வைத்து நடந்த சோதனையில், மிகுதியாகப் பதப்படுத்திய உணவை உண்ட வாரங்களில், விரும்பிய அளவு உண்ணலாம் என்று விடப்பட்டிருந்த அவர்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாக உண்டார்கள். சூடை, நெத்திலி, காரல் என்று மலிவாகப் புரதம் கிடைக்கும் ஊரில் மாலைப் பசிக்கு மிக்சர் பொட்டலத்தை நாடுவது எனக்கு வருத்தமளிக்கிறது. புரதம் வயிற்றை நிறைவாக வைத்திருக்கும். அதைச் செரிக்கவே அதன் கலோரியில் 20 முதல் 30 விழுக்காடு செலவாகும்.

தராசு காட்டும் எண்

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பின், எதுவும் குடிக்கும் முன் எடை பாருங்கள்; ஒரு நாளின் எண்ணை நம்பாமல் வாரச் சராசரியை எடுங்கள். முந்தைய இரவு கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டிருந்தால் மறுநாள் தராசு ஒரு கிலோ வரை கூடக் காட்டலாம். உப்பு பிடித்துவைத்த நீர் அது, கொழுப்பு அல்ல; இரண்டொரு நாளில் இறங்கிவிடும். நான்கு வாரச் சராசரிகள் ஒரே இடத்தில் நின்றால் மட்டும் அளவைக் கூடுதலாக 100 அல்லது 150 குறையுங்கள்.

நடை நல்லது, ஆனால் 70 கிலோ எடையுள்ளவர் சாலையில் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் செலவாவது 250 முதல் 300 கலோரிதான். காய்ந்த மணலில் அதே வேகத்தில் நடக்க இரண்டு மடங்குக்கு மேல் ஆற்றல் தேவைப்படுகிறது. முழங்கால் இடம் கொடுப்பவர்களுக்கு நம் கடற்கரையே போதும்.

எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது

ஆறு வாரம் ஒழுங்காக எழுதினால் வீட்டில் சமைக்கும் உணவுகளில் பெரும்பாலானவற்றின் எண் கைக்கு வந்துவிடும். அதன்பின் தினமும் எழுத வேண்டியதில்லை. அரிசிக்கு ஒரு குவளை, எண்ணெய்க்கு ஒரு கரண்டி என்று அளவுப் பாத்திரங்களை நிலைப்படுத்திக்கொண்டால் போதும். 2018-இல் வெளிவந்த ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், கலோரி வரம்பு எதுவும் விதிக்கப்படாமல், பதப்படுத்தாத உணவையும் காய்கறிகளையும் உண்ணுமாறு வழிகாட்டப்பட்ட 609 பேர் ஓராண்டில் சராசரியாக ஐந்து, ஆறு கிலோ குறைந்தார்கள். எண்ணாமலும் எடை குறையும் என்பது உண்மையே. ஆனால் எண்ணெய்யும் தேங்காயும் கண்மதிப்பில் விழும் நம் சமையலில், முதலில் சில வாரம் எண்ணிப் பார்த்தவருக்கே கை அளவு அறியும் என்பது என் கருத்து.

விசைப்படகுக் குடும்பங்கள் ஆண்டுக்கு இருமுறை நோட்டைத் திறக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் கடின உழைப்பு திடீரென்று நின்றுவிடுகிறது. மேலே சொன்ன அளவுகளின்படி ஒருவருடைய தேவை 3470-இலிருந்து 2110 வரைகூட இறங்கலாம். தட்டில் சோறு மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். தடை தொடங்கும் வாரத்திலேயே அரிசி அளவை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, காய்கறியையும் பயறையும் கூட்டி, கரையில் வலை பின்னும் நாட்களிலும் காலையோ மாலையோ ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். ஜூன் நடுவில் படகு மறுபடி கடலுக்குப் போனதும், முதல் வாரத்திலேயே சோற்றைப் பழைய அளவுக்குத் திருப்பிவிடுங்கள். வலை இழுக்கும் உடலைப் பட்டினி போட்டு எடை குறைக்க வேண்டாம்.