மியூரியல் ருகைசரை எங்கிருந்து வாசிக்கத் தொடங்குவது

ஒரு கவிஞரைப் பிடித்துவிட்டால் முதல் தொகுப்பிலிருந்து வரிசையாகப் படித்துக்கொண்டு வருவதுதான் நம்மில் பலருக்குப் பழக்கம். அமெரிக்கக் கவிஞர் மியூரியல் ருகைசருக்கு அது சரிப்படாது. அவருடைய முதல் தொகுப்பு 'தியரி ஆஃப் ஃப்ளைட்' 1935ல் வந்தது, 21 வயதிலேயே யேல் பல்கலைக்கழகத்தின் இளம் கவிஞர் பரிசை வாங்கித் தந்தது, எல்லாம் சரி, ஆனால் விமானம், இயந்திரம், நகரம் என்று இறுக்கமாகப் பின்னிய புத்தகம் அது. அங்கே தொடங்கினால் பத்துப் பக்கத்தில் மூடி வைத்துவிடுவீர்கள்.

நான் சொல்லும் வழி வேறு. ருகைசர் நேரில் போய் நின்ற இடங்களைப் பிடித்துக்கொண்டு படியுங்கள். அரசியல் கவிஞர் என்றால் மேடையில் முழங்குகிறவர் என்று ஒரு எண்ணம் நமக்கு உண்டு. இவர் போய்ப் பார்த்து, கேட்டு, குறிப்பெடுத்துக்கொண்டு வந்து எழுதியவர். அதனால் ஒவ்வொரு கவிதைக்கும் பக்கத்தில் அந்தச் சம்பவத்தின் விவரத்தையும் வைத்துக்கொண்டால்தான் அவர் என்ன செய்திருக்கிறார் என்பது பிடிபடும்.

வாழ்க்கைக் கதையை முதலில் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். 1913ல் நியூயார்க்கில் வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் குடும்பத்தின் பணம் போனது, வாசர் கல்லூரிப் படிப்பு பாதியில் நின்றது. 1933ல், பொய்யான பாலியல் வன்முறைப் புகாரில் சிக்கவைக்கப்பட்ட ஸ்காட்ஸ்பரோ கறுப்பின இளைஞர்களின் வழக்கைப் பற்றி எழுத அலபாமாவுக்குப் போனார், அங்கே போலீஸ் பிடித்து வைத்தது, டைஃபாய்டும் வந்தது. அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இந்த அளவு தெரிந்துகொண்டு நேராகக் கவிதைக்கு வந்துவிடுங்கள்.

முதலில் படிக்க வேண்டியது 'தி புக் ஆஃப் தி டெட்'. 1938ல் 'யு.எஸ். 1' என்ற தொகுப்பில் வந்த கவிதை வரிசை இது. 2018ல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகப் பதிப்பகம் தனிப் புத்தகமாகவும் போட்டிருக்கிறது, கிடைத்தால் அதையே வாங்குங்கள். படிக்கும் முன் பின்னணி தெரிந்திருக்க வேண்டும். 1930ல் மேற்கு வர்ஜீனியாவின் கோலி பிரிட்ஜ் ஊருக்கு அருகே, ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில், ஆற்றைத் திருப்பி மின்சாரம் எடுக்க மலைக்குள் சுமார் மூன்று மைல் நீளத்துக்குச் சுரங்கப்பாதை குடைந்தார்கள். வேலை யூனியன் கார்பைடுக்காக நடந்தது. ஆமாம், போபால் விஷவாயு விபத்தில் நாம் கேள்விப்பட்ட அதே பெயர்தான். பாறை முழுக்கச் சிலிகா என்ற கனிமம். தண்ணீர் விட்டுக்கொண்டே துளை போட்டால் தூசி அடங்கும், ஆனால் வேலை மெதுவாகும், அதனால் உலர்ந்த பாறையிலேயே துளை போட்டார்கள். தொழிலாளிகளுக்கு முகக்கவசமும் இல்லை. அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடித் தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர். தூசி நுரையீரலில் படிந்து, சிலிகோசிஸ் நோயில், நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். 1936ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் துணைக்குழு ஒன்று விசாரணை நடத்தியது. அதே ஆண்டு ருகைசர் தன் தோழியான புகைப்படக் கலைஞர் நான்சி நாம்பர்க்கோடு அந்த ஊருக்குப் போனார்.

இப்போது அந்த வரிசையில் 'அப்சலோம்' என்ற கவிதையை மட்டும் எடுத்துக்கொண்டு வாய்விட்டுப் படியுங்கள். கணவனும் மூன்று மகன்களும் அந்தச் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒரு தாய் பேசுகிறாள். நான் செத்த பிறகு என் உடம்பை அறுத்துப் பார்க்கச் சொல்லம்மா, தூசிதான் காரணம் என்று தெரிந்தால் நஷ்டஈடு கேள், நாங்கள் எல்லாம் போன பிறகு உனக்குப் பிழைப்புக்கு வழி இருக்காது என்று கடைசி மகன் அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறான். நிவாரணப் பணத்துக்காக அவள் வழியில் போகும் வண்டிகளில் ஏறிப் பதினெட்டு மைல் போகிறாள். இரண்டு டாலரில் மாட்டை எப்படி வைத்துச் சமாளிக்கிறாய் என்று கேட்கிறார்கள். ஒரு வாரம் மாட்டுக்குத் தீவனம், ஒரு வாரம் பிள்ளைகளுக்கு மாவு என்கிறாள். இதில் பெரும்பகுதி விசாரணையில் பதிவான சாட்சியம். ருகைசர் அதை வரிகளாக உடைத்து, நடுநடுவே பழைய எகிப்தியரின் இறந்தோர் நூலிலிருந்து, என் இதயத்தின் மேல் எனக்கு ஆட்சி உண்டு, என் இரு கைகளின் மேல் ஆட்சி உண்டு என்கிற மாதிரியான வாக்கியங்களைச் செருகியிருக்கிறார். தாயின் குரலும் செத்தவனின் குரலும் ஒன்றாகிற இடத்தில் நிறுத்தி, இன்னொரு தடவை படித்துப் பாருங்கள்.

அதை முடித்ததும் 'தி டிசீஸ்' படியுங்கள். மருத்துவர் எக்ஸ்ரே படத்தைக் காட்டி விளக்கும் சாட்சியம்தான் கவிதை. 'தி டேம்' கவிதையின் நடுவில் கம்பெனியின் பங்கு விலை அச்சான ஒரு வரி அப்படியே வருகிறது, அதை வேகமாகக் கடந்துவிடாதீர்கள். எவன் குற்றவாளி என்று கவிஞர் விரல் நீட்டவில்லை, செத்தவர்களுக்குப் பக்கத்தில் அந்த எண்ணை வைத்துவிட்டார், அவ்வளவுதான். எனக்கு இந்த ஒரு வரி பத்துக் கண்டனக் கவிதைகளைவிட வலுவானது. இந்த இடத்தில் முடிந்தால் 1936 விசாரணைப் பதிவையும் தேடி எடுத்துக் கவிதையோடு ஒப்பிடுங்கள். எதை வைத்துக்கொண்டார், எதை விட்டார், எங்கே வரியை உடைத்தார் என்று பார்த்தாலே ஒரு எழுத்துப் பயிற்சி வகுப்பு முடிந்த மாதிரி.

அப்புறம் ஸ்பெயின். 1936 ஜூலையில், ஹிட்லரின் பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு எதிராக பார்சிலோனாவில் நடக்கவிருந்த மக்கள் ஒலிம்பிக்ஸைப் பற்றி எழுதப் போனார். அங்கே போய்ச் சேர்வதற்குள் உள்நாட்டுப் போர் வெடித்து ரயில் வழியில் நின்றுவிட்டது. அந்த ரயிலில்தான் ஓட்டோ போக் என்ற ஜெர்மன் ஓட்டப்பந்தய வீரரைச் சந்தித்தார். ருகைசரைக் கப்பலில் வெளியேற்றிவிட்டார்கள், ஓட்டோ அங்கேயே தங்கிக் குடியரசுப் பக்கம் நின்று போரிட்டுச் செத்தார். 'மெடிட்டரேனியன்' கவிதையை இந்த இடத்தில் படியுங்கள். இதே அனுபவத்தை வைத்து எழுதிய நாவலைப் பதிப்பாளர் நிராகரித்துவிட்டார், ருகைசர் இறந்து பல வருடம் கழித்து 2013ல்தான் 'சாவேஜ் கோஸ்ட்' என்று வெளிவந்தது. கவிதை பிடித்தவர்கள் நாவலுக்குப் போகலாம், அவசரமில்லை.

1940களையும் 50களையும் முதல் வாசிப்பில் தாண்டிப் போகலாம், ஒரே ஒரு விலக்கு: 1949ல் வந்த 'தி லைஃப் ஆஃப் பொயட்ரி' என்ற உரைநடை நூல். மக்கள் கவிதையைக் கண்டு ஏன் பயப்படுகிறார்கள் என்பதிலிருந்து அது தொடங்குகிறது. அந்த வருடங்களில் அவர் தனியாளாக ஒரு மகனை வளர்த்துக்கொண்டு, சாரா லாரன்ஸ் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டு இருந்தார். எஃப்பிஐ அவர்மேல் வைத்திருந்த கோப்பு நூறு பக்கத்துக்கு மேல் போனது. இடதுசாரிப் பத்திரிகைகளும் அவரை விட்டுவைக்கவில்லை. 1943ல் 'பார்ட்டிசன் ரிவ்யூ' அவரைக் கடுமையாகத் தாக்கியது. இரண்டு பக்கமும் அடி வாங்கியதால்தான் அவர் பெயர் வெகுகாலம் பாடத்திட்டங்களில் வரவில்லை என்பது என் எண்ணம்.

1964ல் பக்கவாதம் வந்தது. அதற்குப் பிறகு எழுதிய கவிதைகள் முன்பைவிடச் சிறியவை, நேரடியானவை. 1968ல் வந்த 'தி ஸ்பீட் ஆஃப் டார்க்னஸ்' தொகுப்பில் இரண்டு கவிதைகளைக் கட்டாயம் படியுங்கள். ஒன்று, உலகப் போர்களின் முதல் நூற்றாண்டில் வாழ்ந்தவளாகத் தன்னைச் சொல்லிக்கொண்டு தொடங்கும், 'பொயம்' என்றே தலைப்பிட்ட கவிதை. மற்றது ஜெர்மன் ஓவியர் கெத்தே கொல்விட்ஸ் பற்றியது, அமெரிக்கப் பெண்ணியக் கவிஞர்கள் அதிகம் எடுத்தாண்ட வரி அதில்தான் இருக்கிறது.

கடைசியாக 1976ல் வந்த 'தி கேட்ஸ்'. உடல் நலமில்லாத நிலையிலும் 1972ல், வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்தபோது, கவிஞர் டெனீஸ் லெவர்டாஃபோடு ஹனோய்க்குப் போனார். 1975ல் பென் என்ற எழுத்தாளர் அமைப்பின் அமெரிக்கக் கிளைத் தலைவராக, சிறையில் இருந்த தென்கொரியக் கவிஞர் கிம் ஜி-ஹாவுக்காக சியோலுக்குப் போனார், அவரைப் பார்க்க அனுமதி கிடைக்காமல் சிறைக் கதவுக்கு வெளியே நின்றார். 1980ல் ருகைசர் இறந்தார். அந்தச் சிறை வாசலைப் பற்றியதுதான் 'தி கேட்ஸ்' தொகுப்பின் தலைப்புக் கவிதை, அதை 'அப்சலோம்' படித்த அதே வாரத்தில் படித்துவிடுங்கள், இடைவெளி விட வேண்டாம். நாற்பது வருடம் கழித்தும் அதே மாதிரி ஒரு வாசலில் போய் நிற்கிறார் என்பது அப்போதுதான் உறைக்கும். இதெல்லாம் முடிந்து இன்னும் வேண்டும் என்று தோன்றினால், பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2005ல் போட்ட முழுத் தொகுப்பை வாங்கலாம், 'தியரி ஆஃப் ஃப்ளைட்' அதற்குள்ளேயே இருக்கிறது.