ஒரு எம்.எல்.லில் எவ்வளவு? வார்டில் ஊசி மருந்துத் தவறுகளைத் தடுப்பது

சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இதை ஒப்பிக்கத் தெரியாத ஸ்டாஃப் நர்ஸ் கிடையாது. அப்படியும் தவறு நடக்கிறது. வார்டு வேலையில் நாம் மருந்தை மில்லிகிராமில் நினைப்பது குறைவு. "அரை ஆம்பியூல்", "ரெண்டு எம்.எல்.", "இருபது கோடு" என்றுதான் கை பழகியிருக்கும். ஸ்டோரில் வேறு கம்பெனி மருந்து, வேறு ஸ்ட்ரெங்த் வந்து இறங்கிய நாளில் அந்தப் பழகிய கைதான் காலை வாரும். அதனால் எந்த மருந்தை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது இது: இதில் ஒரு எம்.எல்.லுக்கு எவ்வளவு?

இன்சுலினில் தொடங்குவோம். நம் ஊரில் வயல் (மருந்துக் குப்பி) இரண்டு ஸ்ட்ரெங்த்தில் வருகிறது: எம்.எல்.லுக்கு 40 யூனிட், எம்.எல்.லுக்கு 100 யூனிட். சிரிஞ்சும் இரண்டு வகை. 40-க்கு சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. ஆர்டர் 20 யூனிட் என்று வையுங்கள். 100 யூனிட் வயலிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது அரை எம்.எல்., அதாவது 50 யூனிட். இரண்டரை மடங்கு. மாற்றிப் போட்டால், 40 யூனிட் வயலும் ஆரஞ்சு மூடியும் சேர்ந்தால், நோயாளிக்குப் போவது 8 யூனிட்தான். அடுத்த நாள் சுகர் 350 என்று வந்ததும் டோஸைக் கூட்டுவார்கள். யாராவது சரியான சிரிஞ்சை எடுக்கும் நாளில் நோயாளி சுகர் இறங்கி வேர்த்து விழுவார்.

மூடியைக் கழற்றி டிரேயில் போட்ட பிறகு நிறம் உதவாது. இழுக்கும் முன் வயலில் உள்ள எண்ணையும் சிரிஞ்சு உடம்பில் அச்சான எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். இன்சுலின் சிரிஞ்சு தீர்ந்துபோய் 1 எம்.எல். சாதா சிரிஞ்சில் எடுக்க நேர்ந்தால் கணக்கைத் தாளில் போடுங்கள்: 40 யூனிட் வயலில் 10 யூனிட் என்பது 0.25 எம்.எல்., 100 யூனிட் வயலில் 0.1 எம்.எல். பேனா கார்ட்ரிட்ஜில் ஊசி குத்தி இன்சுலின் இழுக்கவே கூடாது. அது 100 யூனிட் ஸ்ட்ரெங்த், கையில் இருப்பதோ பெரும்பாலும் சிவப்பு மூடி. முடிந்தால் வார்டில் ஒரே ஸ்ட்ரெங்த் மட்டும் வைக்கும்படி இன்டென்ட் (ஸ்டோருக்கு எழுதும் மருந்துக் கோரிக்கை) போடும்போதே கேட்டு வாங்குங்கள். இதைவிடப் பலன் தரும் ஏற்பாடு வேறில்லை.

இன்ஃப்யூஷன், அதாவது நரம்பில் மெதுவாகத் தொடர்ந்து ஏற்றுவது, போடும்போதும் இதே கதைதான். 50 எம்.எல்.லில் 50 யூனிட் ப்ளெயின் (ரெகுலர்) இன்சுலின் என்றால், 40 வயலிலிருந்து 1.25 எம்.எல்., 100 வயலிலிருந்து 0.5 எம்.எல். எடுத்து, மீதியை நார்மல் சலைனால் நிரப்ப வேண்டும். நரம்பில் போவது தெளிவான ப்ளெயின் மட்டும். கலங்கலாக இருப்பது எதுவும் நரம்புக்கு இல்லை.

அடுத்தது பொட்டாசியம் குளோரைடு. 10 எம்.எல். ஆம்பியூல், 15 சதவீதம், எம்.எல்.லுக்கு 2 மில்லி ஈக்விவலண்ட் (பொட்டாசியத்தை அளக்கும் அலகு), முழு ஆம்பியூலுக்கு 20. இதில் பெரிய ஆபத்து கணக்கைவிட உருவத்தில் இருக்கிறது. பிளாஸ்டிக் ஆம்பியூலில் வரும்போது டிஸ்டில்ட் வாட்டரைப் போலவே இருக்கும். ஆன்டிபயாடிக் பவுடரைக் கரைக்க அவசரமாக எடுத்து நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அதனால் இரண்டும் ஒரே டிராயரில் இருக்கக் கூடாது. பொட்டாசியத்தை மூடியுள்ள தனி டப்பாவில், "கலக்காமல் போடக் கூடாது" என்று பெரிதாக எழுதி வையுங்கள். வார்டில் வைக்காமல் தேவைப்படும்போது ஃபார்மசியிலிருந்து வாங்குவது இன்னும் நல்லது.

தொங்கிக்கொண்டிருக்கும் டிரிப் பாட்டிலில் பொட்டாசியத்தை ஏற்றுவதும் வழக்கமாக நடக்கும் தவறு. மருந்து அடியிலேயே தங்கி முதல் சில நிமிடங்களில் கெட்டியாக இறங்கும். பாட்டிலைக் கழற்றி, மருந்தைச் சேர்த்து, பத்துமுறையாவது தலைகீழாகத் திருப்பிக் கலக்கிய பிறகே மாட்டுங்கள். சாதாரண கை நரம்பில் லிட்டருக்கு 40, மணிக்கு 10 மில்லி ஈக்விவலண்ட் என்பது பொதுவான எல்லை. அதற்கு மேல் என்றால் மானிட்டர் வேண்டும். சிறுநீர் போகிறதா என்று பார்க்காமல் தொடங்க வேண்டாம்.

பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு மக்னீசியம் சல்ஃபேட். 50 சதவீதம், 2 எம்.எல். ஆம்பியூல் ஒன்றுக்கு 1 கிராம். எக்லாம்ப்சியாவுக்கான (கர்ப்பகால வலிப்பு) வழக்கமான லோடிங்கில், அதாவது முதல் பெரிய டோஸில், நரம்பு வழி 4 கிராம்: 4 ஆம்பியூல் சேர்ந்து 8 எம்.எல்., அதோடு 12 எம்.எல். டிஸ்டில்ட் வாட்டரோ சலைனோ, மொத்தம் 20 எம்.எல்.; 5 நிமிடத்துக்குக் குறையாமல் மெதுவாக. பிறகு பிட்டத்தில் பக்கத்துக்கு 5 கிராம், கலக்காமல். ஆக 14 ஆம்பியூல். வலிப்பு வந்த தாயைப் பிடித்துக்கொண்டு 14 ஆம்பியூல் உடைக்கும்போது எண்ணிக்கை தப்புவது சுலபம். காலி ஆம்பியூல்களை உடனே ஷார்ப்ஸ் டப்பாவில் போடாமல் கிட்னி டிரேயில் அடுக்கி, எண்ணிப் பார்த்து, எழுதிய பிறகு போடுங்கள். ஒவ்வொரு அடுத்த டோஸுக்கு முன்னும் முழங்கால் ரிஃப்ளெக்ஸ், மூச்சு நிமிடத்துக்கு 16-க்குக் குறையாமல், சிறுநீர் மணிக்கு 30 எம்.எல்.லுக்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் ஊசியை நிறுத்தி டாக்டரைக் கூப்பிடுங்கள். மக்னீசியத்துக்கு முறிவு மருந்தான 10 சதவீத கால்சியம் குளுக்கோனேட் 10 எம்.எல். கட்டிலருகிலேயே இருக்கட்டும்.

குழந்தை வார்டில் பாராசிட்டமால் இதே பொறிதான். 10 கிலோ குழந்தைக்கு 150 மி.கி. என்றால், 5 எம்.எல்.லுக்கு 125 உள்ள சிரப்பில் 6 எம்.எல்., 250 உள்ளதில் 3 எம்.எல்., எம்.எல்.லுக்கு 100 உள்ள டிராப்ஸில் 1.5 எம்.எல். வீட்டுக்கு அனுப்பும்போது "ஆறு எம்.எல். குடுங்கம்மா" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அம்மா கடையில் எந்தப் பாட்டிலை வாங்குவார் என்று நமக்குத் தெரியாது. பாட்டிலைக் கையில் வாங்கிப் பார்த்து, அளவு மூடியில் கோடு போட்டுக் காட்டுங்கள்.

ஆளைச் சரிபார்ப்பதில் ஒரு வார்த்தை. "நீங்க லட்சுமிதானே?" என்று கேட்டால், பாதித் தூக்கத்தில் இருப்பவர் யாராக இருந்தாலும் தலையாட்டுவார். "உங்க பேர் என்னம்மா? வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கேட்டு, பதிலை ஐ.பி. (உள்நோயாளி) நம்பரோடு கேஸ் ஷீட்டில் ஒப்பிடுங்கள். பெட் நம்பரை நம்பவே வேண்டாம். ஃபேன் காற்று வருகிறதென்று பக்கத்துக் கட்டிலுக்கு மாறிப் படுப்பவர்கள் எல்லா வார்டிலும் உண்டு.

டாக்டரின் எழுத்தில் "4U" என்று இருந்தால் அது 40 ஆகப் படிக்கப்படும்; "யூனிட்" என்று முழுதாக எழுதச் சொல்லுங்கள். ".5" என்பது 5 ஆகும், "1.0" என்பது 10 ஆகும். ஃபோனில் வரும் ஆர்டரை எழுதிக்கொண்டு திருப்பிப் படித்துக் காட்டுங்கள். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் ஃபோனில் ஒன்றுபோலத்தான் கேட்கும், "ஒன்னு அஞ்சா, அஞ்சு சைபரா சார்?" என்று இலக்கமாகக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது ஆள் சரிபார்ப்பது பெரும்பாலும் சடங்காகிவிடுகிறது. "பாருங்க சிஸ்டர், ரெண்டு எம்.எல். எடுத்திருக்கேன், சரிதானே?" என்றால் அவர் சரி என்றுதான் சொல்வார். விடையைச் சொல்லாமல் ஆர்டரையும் ஆம்பியூலையும் மட்டும் கொடுங்கள். அவர் தனியாகக் கணக்குப் போட்டுச் சொல்லும் எண் உங்கள் எண்ணோடு பொருந்த வேண்டும். எல்லா மருந்துக்கும் இதைச் செய்ய ஆள் பலம் இருக்காது. இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம், மக்னீசியம், அட்ரினலின் வகைகள், குழந்தைகளுக்கான ஊசி எல்லாம், இவற்றுக்கு மட்டுமாவது விடாதீர்கள்.

இழுத்த சிரிஞ்சு கையை விட்டு டிரேக்குப் போனால் உடனே பிளாஸ்டர் ஒட்டி மருந்தின் பெயர், எம்.எல்.லுக்கு எவ்வளவு, நேரம், கையெழுத்து எழுதுங்கள். அளவுக் கோடுகளை மறைக்காமல் ஒட்டவும். பெயர் எழுதாமல் கிடக்கும் சிரிஞ்சை, அது என்னவென்று உங்களுக்கு நன்றாக நினைவிருந்தாலும், கொட்டிவிடுங்கள்.

தவறு நடந்துவிட்டால் முதலில் நோயாளியைப் பாருங்கள். ஃபைலைப் பிறகு பார்க்கலாம். இன்சுலின் கூடிப்போனால் உடனே சுகர் பார்த்து, டியூட்டி டாக்டருக்குச் சொல்லி, நினைவோடு இருந்தால் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து, நரம்பில் போட டெக்ஸ்ட்ரோஸைத் தயாராக வைத்து, 15 நிமிடத்துக்கு ஒருமுறை சுகர் பாருங்கள். போட்ட நேரத்தையும் உண்மையில் போன அளவையும் கேஸ் ஷீட்டில் அப்படியே எழுதுங்கள். காலி வயலையும் சிரிஞ்சையும் தூக்கி எறியாமல் இன்சிடென்ட் ரிப்போர்ட்டோடு சேர்த்து வையுங்கள். எந்த லேபிளைப் பார்த்து எந்தக் கோடு வரை இழுத்தோம் என்பது அதில் தெரிந்தால்தான் அடுத்த இன்டென்ட்டில் எதை நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்ய முடியும்.