நூற்பட்டியலாக்கத்தைத் திரைப்பதிவு செய்து பகிர்வது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

மதுரையில் இருக்கும் அனுபவமிக்க நூலகர் ஒருவர், திருமங்கலத்திலோ உசிலம்பட்டியிலோ ஒரு கல்லூரி நூலகத்தில் புதிதாகப் பணியேற்றவரின் பக்கத்தில் நாள்தோறும் அமர்ந்து பட்டியலாக்கம், அதாவது நூல் விவரங்களை நூலகப் பட்டியலில் முறைப்படி பதிவது, கற்றுத்தர இயலாது. அவர் தமது கணினித் திரையைக் குரலுடன் பதிவுசெய்து அனுப்பலாம். ஆனால், எந்தக் கட்டத்தில் என்ன தட்டச்சு செய்கிறார் என்பதோடு, ஏன் அப்படிச் செய்கிறார் என்பதும் பதிவில் ஒலித்தால்தான் அது பாடமாகும்.

முதலில் மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும், கட்டணமில்லாத ஓபிஎஸ் ஸ்டுடியோவையே நான் பரிந்துரைப்பேன். அதை நிறுவியபின், ‘சோர்சஸ்’ பகுதியிலுள்ள கூட்டல் குறியை அழுத்தி, ‘விண்டோ கேப்சர்’ என்பதைத் தேர்ந்து, நூலக மேலாண்மை மென்பொருளான கோஹா திறந்திருக்கும் உலாவிச் சாளரத்தை மட்டும் சுட்டுங்கள். முழுத் திரையையும் பதிவுசெய்தால் மின்னஞ்சல் அறிவிப்புகளும் பிற சாளரங்களும் உள்ளே வந்துவிடும். உறுப்பினர் விவரப் பக்கத்தைப் பதிவின்போது திறக்கவே கூடாது. வாசகரின் பெயரும் கைப்பேசி எண்ணும் வெளியே போகக் கூடாதவை.

உலாவியின் எழுத்தளவை 125 அல்லது 150 விழுக்காடாக உயர்த்துங்கள். கோப்பு வடிவமாக எம்கேவியைத் தேர்ந்தெடுத்தால், பதிவின் நடுவே மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது பெரும்பாலும் தப்பிவிடும். பிறகு ‘ரீமக்ஸ்’ வசதியால் அதை எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேசுவது, மதுரை வெயிலில் சிரமமாக இருந்தாலும், குரலைத் தெளிவாக்கும்.

அடுத்து, ஒரு பதிவுக்கு ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர் பெயரை எப்படி உள்ளிடுவது என்பதே நல்ல தொடக்கம். நூலகவியலறிஞர் எஸ். ஆர். ரங்கநாதனின் நூலொன்றை எடுத்துக்கொள்வோம். நூல் விவரங்களை எண்ணிட்ட புலங்களாகக் கணினியில் பதியும் மார்க் 21 முறையில், ஆசிரியர் பெயருக்கான 100 என்ற புலத்தில் ‘ரங்கநாதன், எஸ். ஆர்.’ என்று தலைப்பெழுத்து பின்னால் செல்ல வேண்டும். ‘எஸ்’ அவரது ஊரான சீர்காழியையும் ‘ஆர்’ அவர் தந்தையின் பெயரையும் குறிக்கின்றன என்பதைத் தட்டச்சு செய்யும்போதே சொல்லுங்கள். தலைப்பெழுத்தை முன்னால் விட்டுவிட்டால், பெயர் வரிசையில் அவருடைய நூல்கள் ரங்கநாதன் என்ற இடத்தில் நில்லாமல் ‘எஸ்’ என்பதன் கீழ் சிதறிவிடும். இந்த விளைவையும் பெயர்ப் பட்டியலைத் திறந்து காட்டிவிட்டால், கற்பவர் விதியை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது.

இரண்டாவது பதிவுக்குப் பதிப்பு விவரத்தை எடுக்கலாம். தமிழ் நூல்களின் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் முதற்பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மறு அச்சு என ஆண்டுகள் அடுக்கடுக்காக அச்சிடப்பட்டிருப்பதுண்டு. கையிலுள்ள படியின் பதிப்பை 250ஆம் புலத்திலும், அதன் வெளியீட்டு ஆண்டை 264ஆம் புலத்திலும் இட வேண்டும். அப்பக்கத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, இன்னொரு ‘சோர்ஸ்’ ஆகத் திரையின் ஓரத்தில் வைத்துவிட்டால், பார்ப்பவரும் உங்களோடு சேர்ந்து ஆண்டுகளைப் படித்து முடிவெடுக்கலாம். இங்கே நீங்கள் நின்று யோசிக்கும் இடைவெளியை வெட்டிவிடாதீர்கள். பட்டியலாளர் எதைப் பார்த்து எதை விலக்குகிறார் என்பது அந்த நேரத்தில்தான் புலப்படும். ஐஎஸ்பிஎன் எண்ணுக்கான 020, பக்க எண்ணிக்கை, அளவுக்கான 300 போன்ற எளிய புலங்களுக்குக் காணொளி தேவையில்லை, அம்புக்குறியிட்ட திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) ஒன்றே போதும்.

கற்பவரும் பதிவுசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பயிற்சிக்கென நிறுவிய தனிக் கோஹாவில் அவர் ஒரு நூலைப் பட்டியலிட்டு, காரணங்களைப் பேசியபடி பதிவுசெய்து அனுப்பினால், எந்த நொடியில் தடுமாறுகிறார் என்பதை மூத்தவர் கண்டறிந்து அந்த இடத்துக்கு மட்டும் பதில் சொல்லலாம்.

வாட்ஸ்அப்பில் காணொளியாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு எழுத்துகள் மங்கிவிடும். ஆவணமாக இணைத்தோ, கூகுள் டிரைவ் இணைப்பாகவோ அனுப்புங்கள். கோப்பின் பெயரில் புல எண், பேசுபொருள், கோஹாவின் பதிப்பெண் ஆகிய மூன்றும் இருக்கட்டும். மென்பொருள் புதுப்பிக்கப்பட்டுத் திரை மாறும்போது எந்தப் பதிவை மறுபடி எடுக்க வேண்டும் என்பது அதிலிருந்தே தெரியும்.