சொந்த டொமைன் வாங்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

டொமைன் பெயரில், அதாவது உங்கள் தளத்தின் சொந்த இணைய முகவரியில், எழுத்துப்பிழை வேண்டாம், நீளம் வேண்டாம், நடுவில் கோடு வேண்டாம் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களின் வலைப்பூவுக்கு டொமைன் பொருத்திக் கொடுக்கும்போது, ஆரம்பத்தில் நான் முட்டிக்கொண்ட அதே இடங்களில்தான் அவர்களும் முட்டிக்கொள்கிறார்கள். அந்த இடங்களை மட்டும் பார்ப்போம்.

டிஎன்எஸ் பதிவைச் சேர்க்கும் முன்பே முகவரியைத் தட்டிப் பார்ப்பது

டிஎன்எஸ் என்பது ஒரு பெயரைத் தட்டினால் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் இணையத்தின் முகவரிப் புத்தகம், அதில் ஒவ்வொரு வரியும் ஒரு பதிவு. 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்ற பதிலையும் டிஎன்எஸ் சர்வர்கள் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கும். அதற்குப் பிறகு பதிவைச் சரியாகவே சேர்த்தாலும் பழைய 'இல்லை'தான் வரும். உடனே பதறிப்போய், சரியாக இருந்ததை அழித்துவிட்டு வேறு எதையோ போடுவார்கள். வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒரு முறை பாருங்கள். பல நேரம் அங்கே தளம் ஓடிக்கொண்டிருக்கும்.

வெறும் பெயருக்கு சிநேம் போடுவது

சிநேம் என்பது 'இந்தப் பெயருக்குப் பதில் அந்தப் பெயரைப் பார்' என்று காட்டும் பதிவு. ஒரு பெயருக்கு சிநேம் இருந்தால் அதே பெயரில் வேறு பதிவு இருக்கக்கூடாது என்பது 1987-லிருந்து இருக்கும் விதி. டொமைனின் வெறும் பெயரிலோ (முன்னால் டபிள்யூடபிள்யூடபிள்யூ இல்லாதது) டொமைனின் அடிப்படை விவரங்களைச் சொல்லும் என்எஸ், எஸ்ஓஏ பதிவுகள் கட்டாயம் இருக்கும். அதனால் சிநேமை டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரிக்குப் போடுங்கள். வெறும் பெயருக்கு உங்கள் வலைப்பூ சேவை தரும் ஐபி எண்களை (சர்வரின் எண் முகவரி) ஏ பதிவாகச் சேர்த்துவிடுங்கள். பெயரை நேராக ஐபி எண்ணுக்குக் காட்டுவதுதான் ஏ பதிவு. அப்படிச் சேர்க்கும்போது, டொமைன் வாங்கியதும் தானாக வந்து உட்கார்ந்திருக்கும் விளம்பரப் பக்கத்தின் ஏ பதிவை மறக்காமல் நீக்குங்கள். அதை விட்டுவைத்தால் ஒரு நேரம் வலைப்பூ வரும், ஒரு நேரம் விளம்பரம் வரும். காரணம் தெரியாமல் மண்டை காயும்.

முதல் வருட விலையைப் பார்த்து வாங்குவது

புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

ரெஜிஸ்ட்ரார் கணக்கை அதே டொமைனின் மின்னஞ்சலில் வைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். டொமைன் வந்ததும் அதிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கிக்கொள்கிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்தச் சந்தோஷத்தில் எல்லாக் கணக்குகளையும் அதற்கு மாற்றுகிறார்கள். கடைசியில் டொமைனை விற்ற ரெஜிஸ்ட்ராரின் கணக்கையும். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டுகிற வேலை இது.

நண்பர் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஆட்டோ ரினியூவல் போட்டிருந்தார், ஆனால் அதில் கொடுத்திருந்த கார்டு காலாவதியாகிவிட்டது. டொமைன் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகான் அமைப்பின் விதிப்படி ரெஜிஸ்ட்ரார் ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும். அனுப்பியும் இருந்தார்கள், அவை ஸ்பேமில் கிடந்தன. தேதி தாண்டியதும் ரெஜிஸ்ட்ரார், டொமைனின் பதிவுகளை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றியது. வலைப்பூ போனது, கூடவே மடல் எங்கே போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவும் போனதால் மின்னஞ்சலும் நின்றது. கணக்கின் பாஸ்வேர்டு அவருக்கு நினைவில்லை. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா' என்பதை அழுத்தினால், லிங்க் அந்தச் செத்த முகவரிக்கே போகிறது. உதவி கேட்டால், "கணக்கில் உள்ள முகவரியிலிருந்து எழுதுங்கள்" என்று பதில்.

இதற்கு நடுவில், டொமைன் விவரங்களை யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் பார்த்திருக்கிறார். காலாவதி தேதி அடுத்த வருடம் என்று காட்டியது. சரி, புதுப்பித்துவிட்டார்கள் போல என்று சும்மா இருந்துவிட்டார். டாட் காம் போன்றவற்றில் காலாவதி நாளன்று ரெஜிஸ்ட்ரி (அந்த வகைப் பெயர்கள் எல்லாவற்றின் பட்டியலையும் வைத்திருக்கும் நிறுவனம்) தானாகவே ஒரு வருடத்தைக் கூட்டிவிடும். பணம் வரவில்லை என்றால் ரெஜிஸ்ட்ரார் 45 நாட்களுக்குள் அதை ரத்து செய்துவிடலாம். ஆகவே அந்தத் தேதி, பணம் கட்டியதற்கு ரசீது அல்ல. ரத்தான பிறகு 30 நாட்கள் மீட்புக் காலம். அப்போது மீட்க வழக்கமான கட்டணத்தோடு பெரிய தொகை ஒன்று தனியாகக் கேட்பார்கள். அப்புறம் 5 நாட்கள் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆறாவது நாள், முந்துகிறவருக்குப் பெயர் சொந்தம்.

நண்பர் அடையாளச் சான்றுகளை அனுப்பி, மீட்புக் காலத்துக்குள் ஒருவழியாகப் பெயரைத் திரும்ப வாங்கினார். வேறு யாராவது எடுத்திருந்தால் வலைப்பூ போவதோடு நின்றிருக்காது. அந்தப் பெயருக்கு வரும் எல்லா மடலும் புதிய உரிமையாளருக்குத்தான் போகும். நீங்கள் அந்த முகவரியில் திறந்து வைத்த மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டு லிங்க் உட்பட.

ரெஜிஸ்ட்ரார் கணக்குக்கு இந்த டொமைனோடு சம்பந்தமே இல்லாத ஒரு மின்னஞ்சல் கொடுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போட்டு, போன் தொலைந்தால் உதவும் அதன் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி வையுங்கள். டாட் காம் பெயரை 10 வருடம் வரை முன்கூட்டியே புதுப்பிக்கலாம், முடிந்தால் சில வருடங்களுக்குச் சேர்த்தே கட்டிவிடுங்கள். டொமைனை வேறு யாராவது உங்களுக்காக வாங்கிக் கொடுத்திருந்தால், உரிமையாளர் என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

உறுதிப்படுத்தும் மடலைக் கண்டுகொள்ளாமல் விடுவது

டொமைன் வாங்கியதும், நீங்கள் கொடுத்த மின்னஞ்சல் சரிதானா என்று பார்க்க ரெஜிஸ்ட்ராரிடமிருந்து ஒரு லிங்க் வரும். 15 நாட்களுக்குள் அதைச் சொடுக்காவிட்டால் டொமைனை முடக்கிவிடுவார்கள்.

பழைய முகவரியை அழித்துவிடுவது

வேண்டாம். பழைய முகவரிக்கு வருபவர்களைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடுங்கள்.

சேவையை விட்டு வந்தபின் சிநேமை விட்டுவைப்பது

வலைப்பூவை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய சேவையைக் காட்டும் துணை டொமைனின் (உங்கள் பெயருக்கு முன்னால் 'blog.' போல ஒன்றைச் சேர்த்தது) சிநேமை அப்படியே விட்டுவிடுகிறார்கள். நீங்கள் காலி செய்த இடத்தை அந்தச் சேவையில் வேறொருவர் எடுத்துக்கொள்ள முடிந்தால், உங்கள் டொமைனின் பெயரில் அவருடைய பக்கம் ஓடும். முதலில் சிநேமை நீக்குங்கள், பிறகு கணக்கை மூடுங்கள்.