பேஸ் கிட்டார் பிக்கப் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேஸ் கிட்டாரில் பிக்கப்பை, அதாவது தந்தியின் அசைவை மின் சிக்னலாக மாற்றும் காந்தச் சுருளை, மாற்றுவது ஏழெட்டு இடங்களில் சால்டர் வைக்கும் வேலைதான். ஆனாலும் வேலை முடிந்த பிறகு ஒலி மெலிந்துபோவதும், இரைச்சல் கூடுவதும், ஒரு வால்யூமைக் குறைத்தால் மொத்த ஒலியும் அடங்கிவிடுவதும் அடிக்கடி நடக்கின்றன. இவற்றுக்கான காரணம் பெரும்பாலும் சால்டரிங் அயர்ன் சூடாவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அளக்காமல் வாங்கியிருப்பார்கள், அல்லது சோதிக்காமல் பிரித்திருப்பார்கள்.

பழுது எங்கே என்று பார்க்காமல் பிக்கப்பை மாற்றுவது

ஒலி மங்கலாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பழைய தந்திகளை. வால்யூமைத் திருப்பும்போது கரகரத்தால் அது குமிழுக்கு அடியிலுள்ள மாறுமின்தடையில், அதாவது 'பாட்'டில், சேர்ந்த அழுக்கு; காண்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு இருபது முறை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஒலி விட்டுவிட்டு வந்தால் ஜாக்கைப் பாருங்கள்.

பிக்கப் உயிரோடு இருக்கிறதா என்று கிட்டாரைப் பிரிக்காமலே தெரிந்துகொள்ளலாம். கேபிளைக் கிட்டாரில் செருகி, வால்யூமை முழுதாகத் திறந்து, கேபிளின் மறுமுனையில் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் நிலையில் வைத்து அளக்க வேண்டும். ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் வகை பேஸில் பிக்கப் 10.5 கிலோ ஓம் என்றால், 250 கிலோ ஓம் பாட்டும் இணையாக இருப்பதால் 10.1 அளவில் காட்டும். அதே நிறுவனத்தின் ஜாஸ் வகையில் தலா 7.5 கிலோ ஓம் உள்ள இரண்டு பிக்கப்கள், இரண்டு வால்யூமும் திறந்த நிலையில் சுமார் 3.6 காட்டும். அங்கே 7 காட்டினால் இரண்டில் ஒன்றின் சுருளோ அதன் இணைப்போ அறுந்திருக்கிறது. பிரிசிஷனில் மீட்டர் எல்லை தாண்டிக் காட்டினாலும் அதே பொருள்தான். பாட்டின் 250 கிலோ ஓம் மட்டுமே அளவாகிறது. பேட்டரியில் இயங்கும் ப்ரீஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சுற்று) உள்ள ஆக்டிவ் பேஸில் இந்தச் சோதனை செல்லாது. அதில் முதலில் 9 வோல்ட் பேட்டரியை மாற்றிப் பார்ப்பதுதான் அறிவு.

பெயரை மட்டும் பார்த்து வாங்குவது

"ஜாஸ் பிக்கப்" என்று போட்டிருந்தால் எந்த ஜாஸ் பேஸிலும் உட்கார்ந்துவிடும் என்று நினைப்பது விலை உயர்ந்த தவறு. ஃபெண்டர் மரபில் பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் நெக் பக்கத்தைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம், தோராயமாக 94.5 மற்றும் 91.5. ஆனால் இரண்டு குழிகளும் ஒரே நீளத்தில் வெட்டப்பட்ட பேஸ்களும் நிறைய உண்டு. நீளமான பிக்கப்பைக் குட்டைக் குழிக்குள் அழுத்தினால் மூடி விரிசல் விடும், இல்லையென்றால் சுருள் நசுங்கும். சோப்புக்கட்டி போன்ற செவ்வகமான சோப்பார் வடிவத்தில் இந்தக் குழப்பம் இன்னும் அதிகம். ஈஎம்ஜி நிறுவனத்தின் 35, 40, 45 என்ற மூன்று அளவுகளும் 38 மில்லிமீட்டர் அகலம் கொண்டவைதான். நீளம் மட்டும் முறையே 89, 101.6, 114.3 மில்லிமீட்டர். பழைய பிக்கப்பை வெளியே எடுத்து நீளம், அகலம், ஆழம், ஸ்க்ரூ துளைகளின் இடைவெளி நான்கையும் எழுதி வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

தந்திகளின் இடைவெளியும் பொருந்த வேண்டும். நான்கு தந்தி பேஸ்களில் பிரிட்ஜில் 19 மில்லிமீட்டர் பொதுவான அளவு. ஐந்து தந்தியில் 16.5 முதல் 19 வரை எப்படியும் இருக்கலாம். தனித்தனிக் காந்தத் துருவங்கள் உள்ள பிக்கப்பில் ஓரத் தந்தி துருவத்தைவிட்டு விலகி ஓடினால் அந்தத் தந்தி மட்டும் ஒலி குறைந்து கேட்கும். இடைவெளி ஐயமாக இருந்தால், முழு நீளத்துக்கும் ஒரே காந்தப் பட்டை உள்ள வகை பாதுகாப்பானது.

கிலோ ஓம் எண்ணை ஒலியின் அளவாகப் படிப்பது

7 கிலோ ஓமைவிட 10 கிலோ ஓம் பிக்கப் உரக்கக் கேட்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அந்த எண் சுருளில் உள்ள கம்பியின் நீளத்தையும் தடிமனையும் சொல்கிறது, அவ்வளவுதான். மெல்லிய கம்பி அதே சுற்றுக்கு அதிக ஓம் தரும். காந்தம் அல்நிகோவா செராமிக்கா, சுருள்கள் தொடராக இணைக்கப்பட்டவையா இணையாகவா என்பவை ஒலியை அதைவிட அதிகம் மாற்றுகின்றன. உறுமலை அழிக்க இரண்டு சுருள்கள் கொண்ட ஹம்பக்கர் ஒன்றைத் தொடரிலிருந்து இணைக்கு மாற்றினால் ஓம் நான்கில் ஒன்றாகக் குறையும். ஆனால் ஒலி நான்கில் ஒன்றாகக் குறையாது. கொஞ்சம் தணிந்து, மேல்ஸ்தாயி தெளிவாகும். 1976-இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரேயின் பிக்கப் இணையாக இணைக்கப்பட்டதுதான். அதன் ஒலியைச் சன்னமானது என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

பிக்கப் உட்காரும் இடத்தையும் மறக்கக் கூடாது. 1970-களின் ஜாஸ் பேஸ்களில் பிரிட்ஜ் பிக்கப் முந்தைய காலத்தைவிட 10 மில்லிமீட்டர் அளவுக்குப் பிரிட்ஜை நெருங்கியது. அதே பிக்கப்பை வாங்கி வேறு இடத்தில் வைத்துவிட்டு அதே ஒலியை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

ஆக்டிவையும் பாஸிவையும் கலப்பது

பேட்டரி தேவைப்படாத பாஸிவ் பிக்கப்புக்கு 250 கிலோ ஓம் பாட் வழக்கம். ஹம்பக்கருக்குச் சிலர் 500 போடுவார்கள். ஈஎம்ஜி போன்ற ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம். பாஸிவ் பிக்கப்பை 25 கிலோ ஓம் பாட்டில் இணைத்தால் மேல்ஸ்தாயி செத்து, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் ஆகிவிடும். ஆக்டிவ் பிக்கப்பை 250-இல் இணைத்தால் வால்யூம் படிப்படியாகக் குறையாமல் சுவிட்ச் போல நடந்துகொள்ளும். ஒரு பிக்கப்பை மட்டும் ஆக்டிவாக மாற்றி மற்றதை அப்படியே விடுவது இரண்டு தொல்லைகளையும் ஒன்றாகக் கொண்டுவரும், ஏனென்றால் குறைந்த மின்மறுப்பு கொண்ட ஆக்டிவ் பிக்கப் மற்றதை அமுக்கிவிடும்.

ஆக்டிவ் அமைப்பில் ஜாக்கே பேட்டரியின் சுவிட்ச். அதனால் ஸ்டீரியோ ஜாக் தேவை. பேட்டரியின் எதிர்முனைக் கம்பி அதன் நடு வளையத் தொடர்பில் போக வேண்டும். மோனோ பிளக் செருகும்போது அது தரையுடன் (கிரவுண்ட்) இணைந்து மின்சாரம் ஓடும். அந்தக் கம்பியை நேரடியாகத் தரையில் பற்றவைத்துவிட்டால், கேபிளைப் பிடுங்கி வைத்தாலும் பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும்.

அவசரமாகப் பிரிப்பது

ஒரு கம்பியையும் கழற்றுவதற்கு முன் உட்புறத்தை இரண்டு மூன்று கோணங்களில் படம் எடுத்துவிடுங்கள். எந்தக் கம்பி எந்தக் காலில் இருந்தது என்பது பிறகு நினைவில் நிற்காது.

பழைய மரபுப் பிக்கப்களில் கம்பி நேரடியாகக் காந்தங்களின் மேலேயே சுற்றப்பட்டிருக்கும். தந்திக்கு நெருக்கமாக்கலாம் என்று காந்தத்தை விரலால் அழுத்தினால் உள்ளே கம்பி அறுந்துவிடும். அதன் தடிமன் சுமார் 0.06 மில்லிமீட்டர்தான். உயரத்தைப் பிக்கப்பின் ஸ்க்ரூவால் மட்டுமே மாற்ற வேண்டும். மூடியில்லாத சுருளுக்கு அருகில் எஃகுத் திருப்புளியைக் கொண்டுபோனால் காந்தம் இழுத்துச் சுருளில் மோதவிடும். வேலை முடியும்வரை சுருளைச் சுற்றிக் காகித நாடா ஒட்டிவைப்பது நல்லது.

சூடு போதாத சால்டர்

பாட்டின் முதுகில் தரைக் கம்பியைப் பற்றவைப்பதுதான் இந்த வேலையிலேயே கடினமான இடம். அந்த உலோகத் தகடு வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். கூர்முனை கொண்ட சிறிய அயர்னை வைத்து ஒரு நிமிடம் காத்திருந்தால் சால்டர் ஒட்டாது. அதற்குள் பாட்டின் கார்பன் தடம் கெட்டுவிடும். 40 வாட், உளிபோன்ற அகலமான முனை, 350 முதல் 380 டிகிரி செல்சியஸ் என்று வைத்து மூன்று நான்கு நொடிகளில் முடிக்க வேண்டும். முதுகை முன்கூட்டியே உப்புத்தாளால் தேய்த்து, அதற்கும் கம்பி முனைக்கும் தனித்தனியே சால்டர் பூசிக்கொண்டால் சேர்ப்பது எளிது. ரோசின் உள்ளீடு கொண்ட 60/40 அல்லது 63/37 சால்டர், 0.8 முதல் 1 மில்லிமீட்டர். குழாய் வேலைக்கான அமில ஃபிளக்ஸ் வேண்டவே வேண்டாம், சில மாதங்களில் கம்பியை அரித்துவிடும். ஆறிய இணைப்பு வழுவழுப்பாக, ஓரங்களில் படிந்து இருக்க வேண்டும். உருண்டையாக எழும்பி நின்றால் அது ஒட்டவில்லை. சன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அந்தப் புகை மூச்சுக்கு நல்லதல்ல.

கம்பியின் நிறத்தை நம்புவது

நான்கு கம்பி ஹம்பக்கர்களில் நிறங்களுக்குப் பொதுவான விதி எதுவும் இல்லை. சீமோர் டங்கன் நிறுவனத்தின் பிக்கப்பில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் தங்களுக்குள் இணையும், பச்சையும் வெறுங்கம்பியும் தரைக்குப் போகும். டிமார்ஸியோ நிறுவனத்தின் பிக்கப்பில் சிவப்புதான் சிக்னல். கறுப்பும் வெள்ளையும் இணையும், பச்சை தரை. ஒன்றின் வரைபடத்தைப் பார்த்து மற்றதை இணைத்தால் பாதிச் சுருள் மட்டும் வேலை செய்யலாம், அல்லது ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளலாம்.

இரண்டு பிக்கப் உள்ள பேஸில் இதன் பெரிய அடையாளம் ஃபேஸ் முரண்பாடு, அதாவது இரண்டின் சிக்னல்களும் எதிரெதிராக இயங்குவது. தனித்தனியே இரண்டும் நன்றாகக் கேட்கும். இரண்டையும் முழுதாகத் திறந்தால் அடிநாதம் காணாமல் போய் மூக்கால் பேசுவதுபோல் ஒலிக்கும். பொருத்துவதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்கலாம். மீட்டரின் சிவப்பு முனையைச் சிக்னல் கம்பியிலும் கறுப்பை மற்றதிலும் வைத்து, காந்தங்களின் மேல் திருப்புளியைப் படுக்க வைத்துச் சட்டென்று எடுங்கள். ஓம் எண் ஒரு கணம் ஏறும் அல்லது இறங்கும். இரண்டு பிக்கப்களும் ஒரே திசையில் நகர வேண்டும். மாறினால் ஒன்றின் இரு கம்பிகளை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் உலோக மூடியோ பின்னல் கவசமோ அந்தத் தரைக் கம்பியோடு சேர்ந்திருந்தால் முதலில் அதைப் பிரித்துத் தனியே தரைக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மூடியே சிக்னலாகி இரையும்.

1957 முதல் வரும் இரண்டாகப் பிளந்த பிரிசிஷன் பிக்கப்பில் இதே தவறு வேறு முகம் காட்டும். ஒவ்வொரு தந்தியையும் ஒரு பாதி மட்டுமே கேட்பதால், பாதிகளைத் தவறாகத் தொடுத்தாலும் ஒலி மெலியாது. ஹம் (மின் உறுமல்) ஒன்றையொன்று அழித்துக்கொள்வது மட்டும் நின்றுவிடும். புதிய பிரிசிஷன் பிக்கப் இரைகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இரு பாதிகளையும் சேர்க்கும் அந்தக் குட்டிக் கம்பியை.

ஜாஸ் பேஸுக்கே உரிய ஒன்றும் உண்டு. அதில் பிக்கப்பின் சிக்னல் வால்யூம் பாட்டின் நடுக்காலுக்கு வருகிறது; ஓரக்காலிலிருந்து வெளியே போகிறது. சாதாரண கிட்டார் பழக்கத்தில் இதைத் தலைகீழாக்கினால், ஒரு வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் இரண்டு பிக்கப்களும் ஊமையாகிவிடும்.

எல்லா இரைச்சலுக்கும் செப்பு நாடா

ஒற்றைச் சுருள் பிக்கப் தனியாக இயங்கும்போது கேட்கும் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் உறுமல் மின்மாற்றிகளின் காந்தப்புலத்திலிருந்து வருகிறது. செப்பு நாடா அதைத் தடுக்காது. நாடா தடுப்பது மின்புல இரைச்சலை, அதாவது தந்தியைத் தொட்டால் குறையும் அந்த மெல்லிய சத்தத்தை. உறுமலுக்கு மருந்து எதிர்க்காந்தமும் எதிர்ச்சுற்றும் கொண்ட ஜோடி. ஜாஸ் தொகுதி வாங்கும்போது இரண்டையும் ஒன்றாகவே வாங்குங்கள். பிக்கப்பின் மேல் ஒரு திசைகாட்டியைக் கொண்டுபோனால், நெக் பிக்கப்பும் பிரிட்ஜ் பிக்கப்பும் ஊசியின் வெவ்வேறு முனைகளை இழுக்க வேண்டும். பிரிசிஷனோடு ஒரு ஜாஸ் பிக்கப்பும் உள்ள பேஸில், பிரிசிஷன் தன் ஹம்மைத் தானே அழித்துக்கொள்வதால் ஜாஸின் உறுமலைத் தடுக்க ஜோடி இருக்காது. அங்கே ஹம் இல்லாத ஜாஸ் வகையே பொருத்தம்.

நாடா ஒட்டினால் துண்டுகளுக்கிடையே மீட்டர் வைத்துத் தொடர்ச்சியைப் பாருங்கள், பசை மின்கடத்தாததாக இருந்தால் ஒவ்வொரு துண்டும் தனித்தீவுதான். ஜாக்கின் சிக்னல் கால் நாடாவில் பட்டால் மொத்த ஒலியும் நின்றுவிடும். மூடியபிறகு பிரிட்ஜுக்கும் ஜாக்கின் உடலுக்கும் இடையே 1 ஓமுக்குக் குறைவாகக் காட்ட வேண்டும். காட்டவில்லையென்றால் பிரிட்ஜுக்கு அடியில் போகும் தரைக் கம்பி விடுபட்டிருக்கிறது. ஈஎம்ஜி ஆக்டிவ் பிக்கப்களில் மட்டும் அந்தக் கம்பியை இணைக்காமல் விடச் சொல்கிறார்கள்.

தந்தியை ஒட்டி உயர்த்துவது

கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு, தந்தியின் அடிப்பகுதியிலிருந்து காந்தத்தின் மேற்பகுதிவரை அளக்க வேண்டும். தடித்த தந்திப் பக்கம் 3, மெல்லிய பக்கம் 2.5 மில்லிமீட்டர் என்று தொடங்குங்கள். அதிக ஒலிக்காக இன்னும் நெருக்கினால் காந்தம் தந்தியைப் பிடித்து இழுக்கும். தடித்த ஈ (E) தந்தியின் மேல் ஃப்ரெட்களில் சுருதி தள்ளாடி, ஒரே ஸ்வரத்தில் இரண்டு சுருதி கேட்பதுபோல் இருக்கும், நாதமும் சீக்கிரம் அடங்கிவிடும். பிரிட்ஜ் அருகே தந்தியின் அசைவு குறைவு என்பதால் அங்குள்ள பிக்கப் சற்று நெருங்கலாம். நெக் பக்கத்தைத் தாழ்த்திச் சமன் செய்யுங்கள். ஸ்க்ரூவைத் தளர்த்தியும் பிக்கப் எழும்பவில்லையென்றால் அடியிலுள்ள பஞ்சு நசுங்கிப்போயிருக்கும். புதிய பஞ்சோ ஸ்பிரிங்கோ வைக்க வேண்டும். இன்டொனேஷனை, அதாவது எல்லா ஃப்ரெட்களிலும் சுருதி சரியாக வரும்படி பிரிட்ஜில் தந்தியின் நீளத்தை அமைப்பதை, உயரம் முடிவான பிறகே செய்யுங்கள், காந்தத்தின் இழுப்பு மாறினால் அந்த அளவும் மாறிவிடும்.