சிங்கப்பூர் பூமலைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சுற்றுலாவாகச் சிங்கப்பூர் வரும் நம்மவர்கள் பலர் பூமலை எனப்படும் பொட்டானிக் கார்டன்ஸையும் மரினா பே பக்கமுள்ள கரையோரப் பூந்தோட்டத்தையும் (கார்டன்ஸ் பை தி பே) ஒன்றாக்கிவிடுகிறார்கள். டாக்சியில் ஏறி வெறுமனே 'கார்டன்ஸ்' என்றால் எங்கே இறங்குவீர்களோ தெரியாது. ராட்சதச் செயற்கை மரங்கள் இருப்பது கரையோரப் பூந்தோட்டத்தில். பூமலை 1859இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா; 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

அடுத்த தவறு வாசலில் நடக்கிறது. 82 ஹெக்டர் தோட்டம், அதுவும் நீளவாக்கில் கிடக்கிறது. பொட்டானிக் கார்டன்ஸ் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் வடகோடியில். அன்னக்குளம், ஐந்து வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நோட்டில் இருக்கும் தெம்புசு மரம் எல்லாம் தெற்கே, தங்ளின் வாசல் பக்கம். அவற்றுக்கு நேப்பியர் நிலையம்தான் வசதி. வயதான அம்மா அப்பாவோடு போகிறவர்கள் இதைக் கிளம்பும்போதே முடிவு செய்துகொள்ளவும். வடக்கே உள்ள ஜேக்கப் பாலஸ் சிறுவர் தோட்டத்தில் பிள்ளைகள் இல்லாமல் போகும் பெரியவர்களுக்கு அனுமதி கிடையாது.

பூங்கா காலை 5 மணி முதல் நள்ளிரவு வரை இலவசம். அதை நம்பி சாயங்காலம் சாவகாசமாக வந்து உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்தைக் கோட்டை விடுகிறவர்கள் ஏராளம். அதற்குத் தனிக் கட்டணம். மாலை 6 மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள்.

ஆர்க்கிட்டை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. பக்கத்திலேயே 6 ஹெக்டர் மழைக்காடு இருக்கிறது. நகரம் எழும்புவதற்கு முன்பிருந்த காட்டின் மிச்சம். அப்புறம், ரப்பர் கதை. 1877இல் ரப்பர் கன்றுகள் இங்கே வந்தன. 1888இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பால் சீவும் முறையை இங்கேதான் வகுத்தார். தோட்ட முதலாளிகளிடம் ரப்பர் நடச் சொல்லி அவர் நச்சரித்த நச்சரிப்பில் 'பைத்தியக்கார ரிட்லி' என்றே பெயர் வாங்கினார். பிறகு மலாயா முழுக்க ரப்பர் பரவியது. பால்மரக் காடுகளுக்குத் தமிழர்கள் கப்பல் கப்பலாகப் போனார்கள். நம்மில் எத்தனையோ குடும்பங்களின் கதை இந்தத் தோட்டத்தைத் தொட்டுத்தான் போகிறது.

மத்தியான வெயிலில் நுழையாதீர்கள். காலை 7 மணி சுகம். குடை அவசியம். ஆனால் இடி இடித்தால் குடையை நம்பி மரத்தடியில் நிற்காமல் கூரையுள்ள கட்டடத்துக்குள் போய்விடுங்கள். உடும்புக்கும் நீர்நாய்க்கும் பிஸ்கட் போட வேண்டாம். அங்கே அது சட்டப்படி குற்றம்.